மழைக் கணக்கேடுகளைப் பிணைத்தல்

விவசாயத்துக்கு வேண்டுவனவற்றுள் விதையும் எருவும் உழைப்பும் பெரும்பாலும் குடியானவர் கைக்குள் அடங்கியவை. மழை ஒன்றே அடங்காதது. ஆயினும், பெய்யப்போகும் மழை நம் வசத்தில் இல்லையேயொழிய, பெய்து முடிந்த மழையின் கணக்கு நம் வசத்துக்கு எட்டாததன்று. அக்கணக்கை முறையாக வைத்திருப்பவர், எந்தப் பட்டத்தில் எந்த நெல்லை விதைத்தால் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை நஷ்டம் வரக்கூடும் என்பதை ஒருவாறு அறிந்துகொண்டு ஏர் பூட்டலாம். அக்கணக்கு எங்கே கிடைக்கிறது, பல ஏடுகளாய்ப் பிரிந்து கிடப்பதை ஒரே ஏடாகப் பிணைப்பது எவ்வாறு, பிணைக்கும்போது நேரக்கூடிய பிழைகள் யாவை என்பவற்றை நிலச்சுவான்தார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ராஜ்யத்தில் வானிலையை அளந்து எழுதும் வழக்கம் புதியதன்று. சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையம் 1792-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் ஸ்தாபிக்கப்பெற்றது. நாடெங்கும் உள்ள மழைமானிகளில் அளந்த அளவுகளை அத்துறையின் புனா அலுவலகத்தார் ஒன்றுசேர்த்து, தேசம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அன்றன்று பெய்த மழையைக் கணித்து, 1901-ஆம் வருஷம் முதல் தொகுத்து வைத்திருக்கின்றனர். இத்தொகுப்பு கணிப்பொறிக் கோப்புகளாக, எவரும் விலையின்றி இறக்கிக்கொள்ளும்படி அளிக்கப்பட்டுள்ளது.

பிணைக்க வேண்டிய அவசியம்

இக்கோப்புகள் வருஷத்துக்கு ஒன்றாக உள்ளன. 1901 முதல் 2024 முடிய எடுத்தால் 124 கோப்புகள். ஒவ்வொன்றும் ஜனவரி 1-ந் தேதி தொடங்கி டிசம்பர் 31-ந் தேதி முடிகிறது. இவ்வாறு வகுத்தது கணக்கு வைப்போருக்குச் சௌகரியமே. ஆனால் பயிருக்கு இவ்வெல்லை தெரியாது. செங்கற்பட்டு ஜில்லாப் பக்கங்களில் ஆகஸ்டு மாதத்தில் நாற்றுவிடும் சம்பாப் பயிர் தை பிறந்தே களத்துக்கு வருகிறது. மார்கழியில் தொடங்கும் நவரையும் அவ்வாறே இரண்டு ஆங்கில வருஷங்களிலும் கால் வைத்து நிற்கிறது. கிராமக் கணக்கோ பசலி வருஷத்தைப் பின்பற்றி ஜூலை 1-ந் தேதி தொடங்கி ஜூன் 30-ந் தேதி முடிகிறது.

இதனால் விளையும் தவறு எத்தகையது என்பதற்கு 2020-ஆம் வருஷத்துச் சம்பாவை எடுத்துக்கொள்வோம். அவ்வருஷம் நவம்பர் 25-ந் தேதி இரவு நிவர் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி என்னும் புயல் பெருமழை கொணர்ந்தது. இவ்விரண்டையும் தாண்டி நின்ற பயிர், 2021 ஜனவரியில் பெய்த காலந்தவறிய மழையில், கதிர் முற்றிய நிலையில் பல ஜில்லாக்களிலும் சாய்ந்து நீரில் கிடந்தது. நஷ்டமடைந்த குடியானவர்களுக்குச் சர்க்கார் நிவாரணம் அளிக்க நேர்ந்தது. இந்த ஒரு பயிரின் வரலாற்றில் முற்பகுதி 2020-ஆம் வருஷக் கோப்பிலும் முடிவு 2021-ஆம் வருஷக் கோப்பிலும் உள்ளன. முதற் கோப்பை மட்டும் பார்ப்பவர் அப்பயிர் புயலுக்குத் தப்பிக் களம் சேர்ந்தது என்றே எண்ணுவார். பசலிப்படி பார்த்தால் இரண்டும் 1430-ஆம் பசலி ஒன்றிலேயே அடங்குகின்றன. ஆகவே, கோப்புகளைத் தலையோடு தலை பொருத்தி ஒரே நீண்ட கணக்காக ஆக்கி, அதன் பின்பு பயிரின் காலத்துக்குத் தக்கபடி அறுத்துக்கொள்வதே முறையாகும்.

பொழிச்சலூர்ப் பெரியவர் கேட்ட கேள்வி

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மேற்கே, அடையாற்றை அடுத்துள்ளது பொழிச்சலூர். முன்பு நன்செய்யாக இருந்த நிலங்களிற் பெரும்பாலானவை இன்று மனைகளாகிவிட்டன. ஆயினும், அவ்வூரில் வீடும், மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் நன்செய்யும் உடையவராய், இன்றளவும் நேரே நின்று சாகுபடி நடத்தும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். 2021 ஜனவரி மழையில் அவருடைய களத்து நெல்லும் நனைந்தது. அக்கோடையில் அவர் என்னை அழைத்து, "தம்பி, தை அறுப்பிலே மழை பிடிப்பது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்று உங்கள் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். அடிக்கடி வருமானால் சம்பாவை விட்டுவிட்டு நவரை ஒன்றோடு நிற்கிறேன். எப்போதோ ஒரு தடவை என்றால் வழக்கப்படியே போகிறேன்" என்றார்.

இது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வியன்று. சம்பாவைக் கைவிடுவதென்றால் வருஷத்தில் ஒரு போகத்தை இழப்பதாகும். விதைநெல், ஆள்கூலி, குத்தகை, கடன் எல்லாம் அவ்வொரு விடையைப் பொறுத்திருந்தன. முப்பது சம்பாப் போகங்களைக் கணக்கிட்டுச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டேன். உலக வானிலை அமைப்பினரும் ஓர் இடத்தின் இயல்பு நிலையை அறிய முப்பது வருஷச் சராசரியையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

முப்பது போகத்துக்கு முப்பது கோப்புகள் போதா என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1991 ஆகஸ்டில் நாற்றுவிட்ட போகம் 1992 ஜனவரியில் முடிகிறது; 2020 ஆகஸ்டில் தொடங்கியது 2021 ஜனவரியில் முடிகிறது. ஆகவே 1991 முதல் 2021 முடிய 31 கோப்புகள் வேண்டும். முதற் கோப்பின் ஜனவரி முந்திய போகத்தைச் சேர்ந்ததாதலால் அதைத் தள்ளிவிட வேண்டும்.

கோப்பினுள் இருப்பது

இம்மழைக் கோப்பில் அட்ச ரேகை 6.5 பாகை முதல் 38.5 பாகை வரையிலும், தீர்க்க ரேகை 66.5 பாகை முதல் 100 பாகை வரையிலும், கால் பாகைக்கு ஒரு புள்ளி வீதம் 129 வரிசையும் 135 பத்தியுமாக 17,415 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் எண். அது அந்நாள் மழையை மில்லிமீட்டரில் குறிப்பது. ஒரு வருஷத்துக்கு 63 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் ஆகின்றன. இவற்றைக் கையால் வெட்டி ஒட்டுவது இயலாது. சாதாரணக் கணக்குப் பட்டியற் செயலியும் இவ்வளவு வரிசைகளைத் தாங்காது.

இவை நெட்சிடிஎஃப் என்னும் வகையிலும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் போல்டர் நகரத்திலுள்ள யூனிடேட்டா நிலையத்தார் ஏற்படுத்திய அவ்வகையின் சிறப்பு யாதெனில், கோப்பினுள் உள்ளது இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன இடம், இன்ன நாள் என்பதைக் கோப்பே தன் முகப்பில் சொல்லிவிடும். அடங்கலின் தலைப்பில் கிராமமும் பசலியும் எழுதியிருப்பதைப் போன்றதே இதுவும். தலைப்பைப் படியாமல் அடங்கலைப் புரட்டுகிறவருக்கு நேரும் கதியே, முகப்பைப் படியாமல் கோப்புகளைப் பிணைப்பவருக்கும் நேரும்.

பிணைக்கும் கருவி

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் சி.டி.ஓ. என்னும் கருவியை அமைத்து, உலகத்தார் யாவரும் விலையின்றிப் பயன்படுத்த விட்டிருக்கின்றனர். இதில் அழுத்துவதற்குப் பொத்தான்களோ படங்களோ இல்லை. திரையில் ஏவல் வரி ஒன்றை எழுத்தால் எழுதி நுழைவு விசையைத் தட்டினால் வேலை நடக்கும். லினக்ஸ் என்னும் விலையில்லா இயக்கமுறையுள்ள எந்தக் கணிப்பொறியிலும் இது ஓடும். ஏவற்சொற்கள் ரோமன் சிற்றெழுத்துக்களில் எழுதப்படுவன. இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தருகிறோம்.

கோப்புகளைக் காலவரிசையில் பிணைக்கும் ஏவற்சொல் 'மெர்ஜ்டைம்' என்பது. முதலில் சி.டி.ஓ. என்று எழுதி, இடம் விட்டு மெர்ஜ்டைம் என்று எழுதி, பிறகு பிணைக்க வேண்டிய கோப்புகளின் பெயர்களையும், கடைசியில் உண்டாக வேண்டிய புதுக்கோப்பின் பெயரையும் எழுத வேண்டும். முப்பத்தொரு பெயர்களையும் எழுதுவது பிரயாசையாகையால், பெயர்களின் பொதுப்பகுதியை எழுதி மாறும் பகுதிக்கு நட்சத்திரக் குறியை இட்டால், அப்பெயருள்ள கோப்புகள் யாவும் தாமே வந்து நிற்கும். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும்.

பிணைத்த பின், 'செல்டேட்' என்னும் சொல்லால் வேண்டிய தேதி முதல் வேண்டிய தேதி வரையிலும் அறுத்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜனவரி 31 முடிய அறுத்தால் ஒரு சம்பாப் போகத்தின் 184 நாள்களும் கிடைக்கும். 'ரீமேப்என்என்' என்னும் சொல்லோடு நம் நிலத்தின் தீர்க்க ரேகை, அட்ச ரேகைகளைக் கொடுத்தால் அதற்கு மிக நெருங்கிய புள்ளியின் கணக்கு மட்டும் பிரிந்து வரும். 'செல்மான்' என்பது மாதத்தைப் பிரிக்கும். 'ஜிஈசி' என்பதோடு 25 என்று கொடுத்தால், 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாள்களுக்கு 1 என்றும் மற்றவற்றுக்கு 0 என்றும் குறிக்கும். 'டிம்சம்' என்பது அவற்றைக் கூட்டித் தரும். பெரியவரின் கேள்விக்கு விடை காண இவ்வளவே போதும்.

எனக்கு நேர்ந்த பிழை

இச்சொற்களை அறிந்திருந்தும், முதன்முறை நான் செய்த கணக்கு தவறாயிற்று. பிறருக்கு உதவும் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சி.டி.ஓ.வில் 'கேட்' என்று இன்னோர் ஏவற்சொல் உண்டு. அதுவும் கோப்புகளைப் பிணைப்பதே. ஆனால், கொடுத்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும். மேலும், புதுக்கோப்பு என்று நாம் எழுதிய பெயரில் முன்னமே ஒரு கோப்பு இருந்தால், அதை அழிக்காமல் அதன் வாலிலேயே கொண்டுபோய் ஒட்டும். நான் இச்சொல்லைப் பயன்படுத்தி 31 கோப்புகளையும் பிணைத்தேன். வேலை முடிந்ததோ இல்லையோ என்ற ஐயத்தால் அதே வரியை இரண்டாம் முறையும் ஏவினேன். கருவி எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷக் கணக்கின் பின்னால் அதே முப்பத்தொரு வருஷக் கணக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

அதிலிருந்து ஜனவரி மாதத்துப் பெருமழை நாள்களை எண்ணினேன். எத்தனை என்று வந்திருக்க வேண்டுமோ அதற்குச் சரியாக இருமடங்கு வந்தது. எண்ணைக் கண்டு நானே மலைத்தேன். ஆயினும் கருவி சொன்னதாயிற்றே என்று நம்பி, "சம்பாவை விடுவதே நலம் போலும், ஐயா" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "இந்த முப்பது பொங்கலும் நான் அந்தக் களத்திலேதான் இருந்தேன், தம்பி. ஈர நெல்லை அள்ளிய வருஷங்கள் எனக்கு மறக்கக்கூடியவையா? நீங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. காகிதத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள்" என்றார்.

வீடு திரும்பி, 'என்டைம்' என்னும் ஏவற்சொல்லால் பிணைத்த கோப்பில் எத்தனை நாள்கள் உள்ளன என்று கேட்டேன். 1991 முதல் 2021 முடிய, எட்டு லீப் வருஷங்களையும் சேர்த்து 11,323 நாள்கள் இருக்க வேண்டும். இருந்தவை 22,646. பிழை அக்கணமே விளங்கிற்று. அக்கோப்பை அழித்துவிட்டு, மெர்ஜ்டைம் கொண்டு மறுபடியும் பிணைத்து, நாள்கள் 11,323 என்று கண்ட பிறகே எண்ணினேன். பெரியவரின் ஞாபகமும் கணக்கும் ஒத்து வந்தன. அவர் சம்பாவைக் கைவிடவில்லை. அறுப்புக்கு முன் நீரை விரைவில் வெளியேற்ற வடிகாலை ஆழப்படுத்திக்கொண்டார். நாள்களை எண்ணிப் பாராத அரை நிமிஷத்துச் சோம்பலால் ஒரு குடும்பம் ஒரு போகத்தை இழக்க இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வெட்கமே உண்டாகிறது.

பிணைத்தபின் சோதிக்க வேண்டியவை

இவ்வனுபவத்தின் பின் நான் தவறாமல் கைக்கொண்டு வரும் சோதனைகள் கீழ்வருவன.

முதலாவது, நாள் எண்ணிக்கை. பிணைப்பதற்கு முன்பே இருக்க வேண்டிய நாள்களைக் காகிதத்தில் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். சாதாரண வருஷத்துக்கு 365, லீப் வருஷத்துக்கு 366. 1901 முதல் 2024 முடிய 31 லீப் வருஷங்கள் வருவதால் மொத்தம் 45,291 நாள்கள். ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் மேலே செல்லலாகாது.

இரண்டாவது, வரிசை. நட்சத்திரக் குறி இட்டால் கோப்புகள் எழுத்து முறைப்படி வந்து நிற்கும். கால முறைப்படி நிற்பது நிச்சயமன்று. மாதக் கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தால், 1-க்குப் பின் 10, 11, 12 ஆகியவை வந்து, அதன் பின்பே 2 வரும். தைக்கு அடுத்தது ஐப்பசி என்று எண்ணுவதை ஒக்கும் இது. மெர்ஜ்டைம் தேதியைப் பார்த்து வரிசைப்படுத்துவதால் இப்பிழை நேராது. கேட் அவ்வாறு பார்ப்பதில்லை. கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் கிளையைச் சேர்ந்த சார்லஸ் ஜெண்டர் அமைத்த என்.சி.ஓ. என்னும் கருவித்தொகுதியில், பிணைப்பதற்கென உள்ள 'என்சிஆர்கேட்' என்பதும் நாம் கொடுக்கும் வரிசையையே பின்பற்றுவது. ஆகையால், பெயரிடும்போதே 01, 02 என்று இரண்டு இலக்கமாகவும், வருஷத்தை நான்கு இலக்கமாகவும் எழுதுவது நன்று.

மூன்றாவது, இரட்டிப்பு. ஒரே வருஷத்துக் கோப்பை இரு தடவை இறக்கி, இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தால், மெர்ஜ்டைமும் இரண்டையும் சேர்த்துவிடும். 'ஸ்கிப் சேம் டைம்' என்னும் குறிப்பை 1 என்று முன்கூட்டி அமைத்துவிட்டால் ஒரே நாள் இரண்டாம் தடவை வரும்போது அது தள்ளப்படும். ஆயினும், இக்குறிப்பை நம்புவதைவிட வேண்டாத பிரதியை முன்னமே விலக்கிவிடுவது மேல்.

நான்காவது, அளவு. பழைய மழைக் குறிப்புகள் அங்குலத்திலும், அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்காகிய சென்டிலும் உள்ளன. வானிலைச் செய்திகள் சென்டிமீட்டரில் வருகின்றன. கோப்புகள் மில்லிமீட்டரில் உள்ளன. 2 அங்குலம் 35 சென்ட் என்பது 59.7 மில்லிமீட்டர். அளவை மாற்றாமல் பிணைத்தால், பெருமழை நாள் தூறல் நாளாகிவிடும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4,047 லிட்டர் நீர். இதை மனத்திற் கொண்டால் அளவுப் பிழை எவ்வளவு நீரை விழுங்கும் என்பது புலப்படும்.

ஐந்தாவது, வெற்றிடம். இந்திய எல்லைக்கு வெளியிலும் கடலிலும் விழும் புள்ளிகளுக்கு -999 என்று எழுதப்பட்டிருக்கும். அது மழையன்று, எண் இல்லை என்பதன் அடையாளம். முகப்பில் இது சரியாகச் சொல்லப்படாத கோப்பில் கருவி இதையும் மழையென்று கூட்டிவிடும். மொத்த மழை பூச்சியத்துக்குக் கீழே போவதைக் கண்டால் காரணம் இதுவே. 'செட்சிடிஓமிஸ்' என்னும் சொல்லோடு -999 என்று கொடுத்து இதை நீக்கிக்கொள்ளலாம். கடலோரக் கிராமத்தார், தங்கள் புள்ளிக்கு எண் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது அவசியம்.

பக்கத்தோடு பக்கம் சேர்த்தல்

இதுகாறும் கூறியது ஒரே பொருளைக் காலத்தால் நீட்டிப் பிணைப்பது. வேறு வேறு பொருள்களைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்ப்பது இன்னொரு வகை. அதற்கு 'மெர்ஜ்' என்னும் ஏவற்சொல் உண்டு. மழையையும் வெப்பத்தையும் ஒருங்கே பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானிலைத் துறையின் வெப்பக் கோப்புகள் 1951-ஆம் வருஷம் முதல், ஒரு பாகைக்கு ஒரு புள்ளி வீதம் உள்ளன. மழைக் கோப்போ கால் பாகைக்கு ஒரு புள்ளி உடையது. கட்டங்கள் ஒத்துப்போகாதவற்றை அப்படியே சேர்த்தலாகாது. இரண்டையும் ஒரே இடத்துக்கு வரவழைத்துக்கொண்டு, பிறகே சேர்க்க வேண்டும்.

நம் சொந்தக் குறிப்பேட்டோடு சர்க்கார் கணக்கைச் சேர்க்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. பொழிச்சலூர்ப் பெரியவர் தம் தகப்பனார் காலந்தொட்டு எழுதி வந்த மழைக் குறிப்பு நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். அவற்றைக் கோப்போடு ஒப்பிட்டபோது மழையெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே பெய்திருப்பதாகத் தோன்றிற்று. நோட்டும் பொய்யன்று, கோப்பும் பொய்யன்று. வானிலைத் துறையார் ஒவ்வொரு நாளும் காலை 8-30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, அதற்கு முந்திய 24 மணி நேரத்து மழையை அத்தேதியில் எழுதுகின்றனர். திங்கட்கிழமை இரவு பெய்தது செவ்வாய்க்கிழமைத் தேதியில் ஏறும். பெரியவரோ பெய்த இரவின் தேதியையே எழுதி வந்தார். நோட்டின் தேதிகளை ஒரு நாள் தள்ளி எழுதிய பின் இரண்டும் பெரும்பாலும் பொருந்தின. மழைமானி வைத்திருப்போர் இனியேனும் காலை 8-30 மணிக்கே அளந்து, அளந்த தேதியில் எழுதி வருவார்களாக.

அடங்கலோடு மழையைச் சேர்க்க விரும்பும் கிராம நிர்வாக அலுவலர்கள், ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் அவ்வருஷம் ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும் என்பதை அறிவார்கள். பிணைத்த கோப்பை ஜூலை 1 முதல் ஜூன் 30 முடிய அறுத்து, அதற்கு அந்தப் பசலியின் எண்ணையே பெயராக இட்டு வைத்தால், எந்தப் பசலியில் எந்தச் சர்வே எண்ணில் பயிர் ஏன் குன்றிற்று என்பதை எளிதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இக்கணக்கின் எல்லை

சரியாகப் பிணைத்த கணக்கும் சொல்ல முடியாத விஷயங்கள் உண்டு. கால் பாகை என்பது ஏறத்தாழ 27 கிலோமீட்டர். புள்ளியின் எண் அதைச் சூழ்ந்த பிரதேசத்துக்குப் பொதுவானது. உம்முடைய வயலில் பெய்த துளியன்று. 2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாட் காலையில் அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் இருந்தன. நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரே. தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையில் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரு கட்டத்தின் அகலத்துக்குள்ளேயே இவ்வளவு பேதம் இருக்குமானால், கட்டத்தின் எண்ணைக் கொண்டு ஒரு வயலின் நஷ்டத்தை நிர்ணயிப்பது நியாயமாகாது. அதற்கு அவ்வூர் மழைமானியே சாட்சி.

மேலும், எந்தப் புள்ளியை எடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். பொழிச்சலூர் கிழக்குத் தீர்க்க ரேகை 80.14 பாகையை ஒட்டியிருப்பதால், அதற்கு நெருங்கிய புள்ளி 80.25 பாகையில், சென்னை நகரத்துக்குள் கடலோரம் விழுகிறது. பெரியவரின் நிலம் உள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்கோ 80.0 பாகையில் உள்ள புள்ளியே நெருங்கியது. வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தால் நகரத்து மழையை வைத்து நாட்டுப்புறத்து நெல்லுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஆகவே, பயிர் நிற்கும் இடத்தையே கருவிக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வெல்லைகளை அறிந்து பயன்படுத்தினால் நீண்ட கணக்கு தரும் பலன் மிகப் பெரிது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918 நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பின் அத்தகைய நவம்பர் வந்ததில்லை. இவ்வொரு வாக்கியத்தைத் துணிந்து சொல்வதற்கு 98 வருஷத்து ஏடுகள் இடைவெளியின்றி, இரட்டிப்பின்றி, ஒரே அளவில் தொடர்ந்து நிற்க வேண்டும். ஓர் ஏடு விட்டுப்போயிருந்தால், வாக்கியமே பொய்த்திருக்கக்கூடும்.

முடிவாக, நிலச்சுவான்தார்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இவ்வேலை கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ இரண்டு மாலைப்பொழுதில் கற்றுச் செய்யக்கூடியதே. அவர்கள் கணக்கோடு வந்தால், "நாள் எத்தனை? இருக்க வேண்டியது எத்தனை?" என்ற கேள்வியை முதலிற் கேளுங்கள். பின்பு, உங்கள் ஞாபகத்தில் உள்ள நான்கு கெட்ட வருஷங்களைச் சொல்லி, அவை அக்கணக்கில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய மழைக் குறிப்பு நோட்டுகள் வீட்டில் இருக்குமானால் அவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். சம்பா நெல் களத்தை விட்டு வீடு சேர்ந்த பின், அடுத்த நாற்றங்காலுக்கு முன்னால் கிடைக்கும் ஓய்வு நாள்களில் இக்கணக்கைச் செய்து முடித்துக்கொண்டால், வரும் பட்டத்துக்கு எந்த நெல் என்பதைத் தக்க ஆதாரத்தோடு தீர்மானிக்கலாம்.